நீங்கள் தொடாத சப்பட்டை மாம்பழம்

என் அப்பாவுக்கு, அன்போடும் ஆற்றாமையோடும்,

உங்களைக் கங்கையில் கரைத்துவிட்டு வந்துவிட்டேன். நானும் அம்மாவும்தான் போனோம். போலீஸ்காரத் தம்பிக்கு டியூட்டியாம். உங்களைக் கடைசிவரை ஸ்ரீவில்லிபுத்தூரில் வைத்துப் பார்த்தவன் அவன்தான் என்று ஊரே சொல்கிறது. காசிவரை சுமந்து போனவனைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

காசி எனக்குப் பிடிக்கவில்லை அப்பா. சந்துக்குள் மாடு வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு படித்துறையில் பிணம் எரிகிறது. அடுத்த படித்துறையில் ஒருவர் கண்ணாடி பார்த்துச் சவரம் செய்துகொள்கிறார். யாருடைய துக்கத்துக்காகவும் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. கலங்கிய ஆறு மட்டும் அகலமாக, எதையும் விசாரிக்காமல் போய்க்கொண்டிருந்தது. மண் கலயத்தில் டீ தந்தார்கள். குடித்ததும் உடைத்துப் போட வேண்டுமாம். அம்மாவுக்கு மனம் வரவில்லை. கழுவிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கரைத்து முடித்ததும் அங்கிருந்த தமிழ் சாஸ்திரிகள் கேட்டார்: "காசிக்கு வந்தா ரொம்பப் பிடிச்சதுல ஒண்ணை விட்டுட்டுப் போகணும். ஆயுசுக்கும் தொடப்படாது. எதை விடறேள்?"

"பாகற்காய்" என்றேன். அதைக் கண்டாலே எனக்கு ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும்.

"இந்தக் கங்கையில பாகற்காய்தான் ஓய் அதிகம்" என்று சிரித்தார்.

அம்மாவும் சிரித்துவிட்டாள். நீங்கள் போனபிறகு அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். "ஏலே, ஒங்கப்பாவுக்கு இந்தச் சாமர்த்தியம் இல்லாமப் போச்சே! பட்டாளத்துக் கூட்டாளிகளோட இங்க வந்தப்போ, அம்புட்டுப் பேரும் பூசணி, பீர்க்குன்னு விட்டுருக்காக. இந்த மனுசன் மட்டும் நெசமாவே மாம்பழத்த விட்டுட்டு வந்து நின்னாக."

மாம்பழத்தையா அப்பா?

ஒவ்வொரு வைகாசியும் ராஜபாளையத்துத் தோப்புக்கே போய், நானே பார்த்துப் பொறுக்கிய சப்பட்டை மாம்பழம். கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன். நீங்கள் ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பார்ப்பீர்கள். "சின்னவன் பிள்ளைகளுக்குக் குடு" என்பீர்கள். ஒரு கீற்றுகூட வாயில் வைத்ததில்லை. தம்பி வாங்கிவரும் பால்கோவாவை மட்டும் விரலை நக்கித் தின்பீர்கள். அவன் கொடுத்தால் இனிக்கிறது, நான் கொடுத்தால் கசக்கிறதா என்று ஒருநாள் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனேன். அதற்குப் பிறகு நான் வரவில்லை. போன வைகாசியும் வரவில்லை. மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லக்கூடாதுன்னுட்டாகய்யா. 'பழம் வேண்டாம்னா பெரியவன் இங்க வர்றதுக்கு வேற என்ன சாக்கு இருக்கு? ரோசக்காரப் பய. கொண்டாரட்டும், மோந்து பாத்துக்கிடுதேன்'னாக."

"நான் கத்திட்டுப் போனேனே, அப்பவாவது?"

"அப்பவும் கேட்டுப் பாத்தேன். 'வைகாசி வரட்டும், வந்துருவான்'னாக."

சாஸ்திரிகள் அடுத்த குடும்பத்திடம் போய்விட்டார். அம்மா ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். உங்களிடம் கேட்கத் திரும்பினால் அங்கே தண்ணீர்தான் இருந்தது.

என் கோபம் இன்னும் தீரவில்லை அப்பா. இத்தனை நாள் தம்பி மேல் இருந்தது. இப்போது உங்கள் மேல். ஒரே ஒரு தடவை வாய்திறந்து சொல்லியிருந்தால், நான் வெறுங்கையோடு உங்களைப் பார்க்க வந்திருக்கமாட்டேனா? வரமாட்டேன் என்று எப்படி அவ்வளவு நிச்சயமாக நினைத்தீர்கள்? ஒருவேளை நீங்கள் நினைத்ததுதான் சரியா?

தம்பியோடு இன்னும் பேசவில்லை. பேசிவிடுவேன் என்று உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் வைகாசி பிறந்ததும் கூடையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுவேன். பழத்தை உங்கள் படத்துக்கு முன்னால் வைக்கமாட்டேன். நீங்கள் விட்டது விட்டதாகவே இருக்கட்டும். சின்னவன் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம்.

சாக்கு இல்லாமல் வரத் தெரியாத,
உங்கள் மூத்த மகன்