சரி சொன்ன மச்சினன்

ஜூன் 4

முழங்கால் வலி. பகலெல்லாம் குளிர்பதனக் கிடங்கில், உறைநிலைக்குக் கீழே இருபது டிகிரியில் பெட்டி அடுக்குகிறோம். மாலையில் எங்கள் கிடங்கு அணியின் பேஸ்பால் பயிற்சி, மைதானத்தில் முப்பத்தெட்டு. நாற்பத்து மூன்று வயதில் மார்புக் கவசமும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, பேட்டருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கிறவனுக்கு வேறு எங்கே வலிக்கும்?

மச்சினன் இன்றும் படுத்தி எடுத்தான். கேட்சராகிய நான் தொடைகளுக்கு நடுவே விரலைக் காட்ட வேண்டும். ஒரு விரல் என்றால் வேகப்பந்து, இரண்டு என்றால் வளையும் பந்து. பிட்சராகிய அவன் 'சரி' என்று தலையாட்டிவிட்டு வீச வேண்டும். நான் ஒன்று காட்டினால் இவன் 'வேண்டாம்' என்பான். இரண்டு காட்டினாலும் 'வேண்டாம்'. முதலில் காட்டிய ஒன்றையே திரும்பக் காட்டினால், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி 'சரி' என்பான். என் மனைவியின் தம்பியாகப் போய்விட்டான், என்ன செய்வது?

ஜூன் 9

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் வெயில் அதிகம் என்று முனகினான். சூப்பர்வைசர்தான் எங்களுக்குக் கோச். "நாமெல்லாம் வருஷம் பூரா குளிர ஏத்தி வச்ச உடம்புடா. அது உருகறதுக்குள்ள மேட்ச் முடிஞ்சிரும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் எங்கள் கிடங்கில் இது வெறும் வேடிக்கைப் பேச்சில்லை. பாதி நம்பித்தான் சொல்கிறோம்.

ஆட்டத்தின் நடுவில் தண்ணீர் குடிக்க ஒதுங்குகிறவனை "ஐஸ்கிரீம் உருகுதுடோய்" என்று கத்துவதும் எங்கள் வழக்கம். இன்று மச்சினனைப் பார்த்து நான் கத்தினேன். பாட்டிலைத் திறக்காமலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

ஜூன் 13

மழை வரும் போலிருந்தது. வரவில்லை.

ஜூன் 19

நாளைக்கு இறுதி ஆட்டம். எதிரில் ரொட்டித் தொழிற்சாலைக்காரர்கள். பதினொரு வருஷமாக ஆடுகிறோம், கோப்பையைத் தொட்டுப் பார்த்ததில்லை. இரண்டு பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். சரியாக ஒன்பது பேர் இருக்கிறோம். ஒருவன் குறைந்தாலும் ஆட்டம் எதிரணிக்குத்தான்.

சாப்பிடும்போது மனைவி சொன்னாள்: "ஜெயிச்சுட்டு வாங்க, தோத்துட்டு வாங்க, எனக்கு ஒண்ணுதான். தம்பிக்கு ரெண்டு நாளா வயித்துப்போக்கு. வாயத் தொறந்து சொல்ல மாட்டான். நீங்கதான் பாத்துக்கணும்."

"மைதானத்துல அவன் மூஞ்சிய என்ன விட்டா வேற யாரு பாக்கறா?" என்றேன்.

ஜூன் 21

உயிரோடு இருக்கிறான். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

நேற்று மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம். எங்கள் போட்டியில் ஏழு இன்னிங்ஸ். நான்கு முடிந்தபோது ஒரு ரன் முன்னால் இருந்தோம். ஐந்தாவதில் ஒரு விரல் காட்டினேன். சரி என்றான். இரண்டு காட்டினேன். சரி என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எனக்குக் கல்யாணமான இந்தப் பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக என் பேச்சைக் கேட்கிறான், இப்போதாவது அக்கா புருஷன் என்று மதித்தானே என்று நினைத்தேன்.

ஆறாவதிலும் எல்லாவற்றுக்கும் சரி. அவனைச் சோதித்துப் பார்க்க நினைத்தேன். விரலே காட்டாமல் கையை மூடிக் காட்டினேன். அப்படி ஒரு சைகையே எங்களிடம் கிடையாது. அதற்கும் தலையாட்டினான். வீசிய பந்து என் பக்கமே வரவில்லை, வேலியில் போய் அடித்தது.

எழுந்து ஓடினேன். "மாப்ள, இது எத்தனாவது இன்னிங்ஸ்?"

"அக்கா சாப்ட்டாளா?" என்றான்.

கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டேன். இவன் இனி ஆட மாட்டான் என்றேன். கோச் ஓடி வந்தார். "இன்னும் ஒரு இன்னிங்ஸ்தான்யா! அவன் போனா மேட்ச் போச்சு!" "போகட்டும் சார்" என்றேன். அதற்குள் அவன் என் தோளில் சரிந்துவிட்டான். உடம்பு கொதித்தது.

ஐஸ் கிடங்குக்காரர்கள் நாங்கள். ஒரு கட்டி ஐஸ் கொண்டு போகவில்லை. ரொட்டிக்காரர்கள் கொண்டு வந்திருந்தார்கள், மாவு பிசையும் பெரிய தொட்டி நிறைய, பாட்டில்களைக் குளிர வைக்க. அவர்கள் கேப்டன் பாட்டில்களை வாரி வெளியே எறிந்தார். நாலு பேராகத் தூக்கிக் கழுத்து வரை அவனை அதில் இறக்கினோம். "தலைய விட்றாதீங்க, தலையப் புடிங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 22

டாக்டரம்மா சின்ன வயசு. "உள்ள குளிர்ல வேலை பாக்கறவங்களுக்கு வெயில் இன்னும் மோசம். உங்க உடம்பு வெயிலப் பழகவே இல்லையே. ரெண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கணும். தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடிக்கணும். ஐஸ்ல வச்சீங்க, பொழச்சார்" என்றார். பிறகு கேட்டார்: "எப்பலேருந்து ஒரு மாதிரியா இருந்தார்?"

"கடைசிலதான் டாக்டர். திடீர்னு."

பக்கத்தில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

பொய். ஐந்தாவது இன்னிங்ஸுக்கு மைதானத்தில் இறங்கும்போதே அவன் தடுமாறினான். பார்த்தேன். என் நோட்டில் நானே பார்க்கவில்லை என்று எப்படி எழுதுவது? ஒரு ரன் முன்னால் இருந்தோம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு — எதுக்குடா? ஒரு தகரக் கோப்பைக்கா? அவளுக்கு இருக்கறது ஒரே தம்பி.

ஜூன் 24

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிறுநீரகம் தப்பித்தது. இந்த வருஷம் ஆட்டம் கூடாது.

ஜூன் 25

துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். அஞ்சாவதுலயே தெரியும், டாக்டர்கிட்ட பொய் சொன்னேன் என்று. ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். முழுவதையும் கேட்டான்.

"எனக்கு நாலாவதுலயே தெரியும் மாமா. கண்ணு இருட்டிச்சு. தண்ணி குடிக்கப் போனா நீங்க ஐஸ்கிரீம்னு கத்துவீங்களேன்னு..." என்றான். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். நான் அழுதுவிட்டேன். பாதி ஆரஞ்சைக் கையில் கொடுத்தான்.

ஜூலை 3

பயிற்சி இனி காலை ஆறு மணிக்கு. முதல் நாள் கவசமில்லாமல் இருபது நிமிஷம், பிறகு நாளுக்குப் பத்துப் பத்து நிமிஷம் கூட்டுகிறோம். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் எல்லோரும் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும், குடித்ததைக் கோச் நின்று பார்க்கிறார். தொட்டி நிறைய ஐஸ். இன்னும் மூன்று பேரைச் சேர்த்திருக்கிறோம். மச்சினன் பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரையும் குறை சொல்கிறான்.

வீட்டில் அவள் எல்லாம் பேசுகிறாள். கரண்ட் பில், பக்கத்து வீட்டு நாய், என் தும்மல், எல்லாம். ஆட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. முன்பெல்லாம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் எத்தனை ரன் என்பாள்.

ஜூலை 17

கவசத்தோடு முதல் முழு ஆட்டம். தாக்குப்பிடித்தேன். அவள் கேட்கவில்லை.

ஜூலை 19

தபால்காரர்களோடு நட்பு ஆட்டம். காலை ஒன்பதுக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. தண்ணீர் சரியாகத்தான் குடித்தேன், சரியாகத்தான் சாப்பிட்டேன். இருந்தாலும் நான்காவது இன்னிங்ஸில் புது பிட்சருக்கு விரல் காட்டப் போனேன், எந்த விரலுக்கு எந்தப் பந்து என்று ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. இரண்டு ரன் முன்னால் இருந்தோம்.

எழுந்து பெஞ்சுக்கு நடந்தேன். முப்பது காலடி இருக்கும். நடந்ததிலேயே நீளமான முப்பது காலடி அதுதான். கோச்சிடம், "சார், என்னால முடியல" என்றேன்.

யாரும் கத்தவில்லை. மச்சினன் எழுந்து வந்து என் கவசத்தின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். பிடரியில் ஐஸ் துணியை வைத்தான். "உக்காருங்க மாமா" என்றான். எனக்குப் பதில் இன்னொருவன் இறங்கினான். ஆட்டம் பாட்டுக்கு நடந்தது. நிழலில் இருந்தபடி கடைசிவரை பார்த்தோம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எத்தன இன்னிங்ஸ் ஆடினீங்க?"

"மூணு முழுசா. நாலாவதுல வெளிய வந்துட்டேன். நானாத்தான்."

"போதும்" என்றாள். "வாங்க, சாப்பிடலாம்."