மூன்றாவது பாட்டு

டிசம்பர் 4, புதன்

எழுந்ததும் காப்பிகூடப் போடவில்லை. நேராகக் கணினி முன் உட்கார்ந்து மூன்றாவது பாட்டைக் கேட்டேன். நான்கு முறை. தெரிகிறது. நீளமாக இழுக்கும் இடங்களில் அண்ணனின் வயலின் வில் தந்தியைத் தொட்டுத் தொட்டு எழுகிறது.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அண்ணன் ஆர்விட்டும் நானும் எட்டுப் பாட்டுகள் பதிவு செய்து முப்பத்தாறு வீடுகளுக்குக் கொடுக்கிறோம். பதினோரு வருஷமாக. என் பியானோ, அவன் வயலின், அவ்வளவுதான். இந்தக் காலத்தில் சிடி யார் கேட்கிறார்கள்? தபால்காரர் ஓலின், உன் சிடியைப் போட்டுக் கேட்கத்தான் அந்த ஓட்டை வண்டியை இன்னும் விற்காமல் வைத்திருக்கிறேன் என்கிறார்.

செப்டம்பரிலிருந்து ஆர்விட்டின் வலது கை நடுங்குகிறது. ஜனவரி ஒன்பதாம் தேதி டுலூத் நகரத்தில் நரம்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த வருஷம் வேண்டாமே என்று நான் சொல்லியிருக்கலாம். அவன் வயலின் பெட்டியோடு வந்து வாசலில் நின்றான்.

டிசம்பர் 5

செய்துவிட்டேன்.

முதலில் என் பியானோ, பிறகு அதைக் காதில் கேட்டபடி அவன் வயலின் என்று தனித்தனியாகத்தான் பதிவு செய்வோம். மூன்றாவது பாட்டு எல்லா வருஷமும் உண்டு. வேகம் மாறாமல் தாளம் தட்டும் மெட்ரோனோமை நான் எப்போதும் அறுபத்தாறில்தான் வைப்பேன். அதனால் போன வருஷத்து வயலின் இந்த வருஷத்துப் பியானோவின் மேல் அப்படியே உட்கார்ந்தது. மற்ற ஏழிலும் அங்கங்கே ஒட்டுப்போட்டேன். இதில் முழுவதும். இந்த வருஷத்து வயலினை அழித்தேன்.

அவன் மனம் நோகக்கூடாது என்றுதான். அவனுக்காகத்தான்.

டிசம்பர் 8

அவனுக்காகவா? சிடி உறையில் என் பெயரும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக்கொடுப்பவள் நான். முப்பத்தாறு வீட்டில் ஒருவராவது முகம் சுளித்திருப்பார்கள் – அதற்குத்தானே பயந்தேன்?

டிசம்பர் 11

இன்று ஒன்பது வீடுகள். இஞ்சி பிஸ்கட்டோடு. எல்லோரும் கட்டிக்கொண்டார்கள்.

டிசம்பர் 14, சனி

ஆர்விட் பனி தள்ளும் வண்டியிலிருந்தே கூப்பிட்டான். இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினான். "மூணாவது பாட்டைக் கேட்டியா? இந்தக் கையையா நடுங்குதுன்னாங்க? பியானோதான் கொஞ்சம் அவசரப்படுது. உனக்கு வயசாகுது, புள்ள."

சிரித்தேன். சிரிக்க முடிந்ததே எப்படி?

டிசம்பர் 17

லோர்னா கூப்பிட்டாள். அண்ணி என்றாலும் என் வகுப்புத் தோழி. எதையும் சுற்றி வளைக்காதவள். டுலூத் மருத்துவர் வேண்டாம் என்று அவன் போன் போட்டுச் சொல்லிவிட்டானாம். "அந்த சிடி வந்ததுலேருந்து ஆளே வேற. சமையக்கட்டுல அதைப் போட்டுட்டு, 'கேளுடி, கேளுடி'ங்கறாரு. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுறேன், அது மட்டும் கண்ணுல படல. நீ சொன்னா கேப்பாரு. பேசேன்."

பேசுகிறேன் என்றேன்.

என்ன பேசுவேன்?

டிசம்பர் 19

போனேன். சொல்லத்தான் போனேன். மேசையில் உட்கார்ந்து, "அந்த மூணாவது பாட்டு –" என்று ஆரம்பித்ததுமே அவன் வயலினை எடுத்துவிட்டான், அதை வாசிக்கச் சொல்கிறேன் என்று நினைத்து. இரண்டாவது வரியில் வில் துள்ளியது. மறுபடி ஆரம்பித்தான். மறுபடியும். வயலினை மடியில் வைத்துக்கொண்டு வலது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான்.

லோர்னா குழாயைத் திறந்துவிட்டுத் திரும்பி நின்றாள்.

அவன்தான் பேசினான், மெதுவாக. "அன்னிக்கு வந்துச்சுல்ல? சிடில நல்லாத்தானே இருக்கு. அப்ப இது வந்து வந்து போறதுதான். நெசமான வியாதின்னா போகாது. என்ன சொல்ற?"

நான் தலையாட்டினேன்.

கடவுளே, தலையாட்டினேன். அவனிடம் இருக்கிற ஒரே சாட்சி நான் செய்து கொடுத்த பொய். அதைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்கிறான். நான் ஆமாம் என்கிறேன்.

டிசம்பர் 20

பள்ளி விடுமுறை விட்டாயிற்று. ஓலினின் மனைவி வழியில் நிறுத்தி, இந்த வருஷம்தான் ஆர்விட் மிக நன்றாக வாசித்திருக்கிறான் என்றாள்.

டிசம்பர் 21, சனி

பகல் முழுக்கப் பனி. லோர்னாவிடம் முதலில் சொல்லி, அவள் வழியாக அவனுக்குப் போகட்டும் என்று மத்தியானம் வரை யோசித்தேன். அது இன்னொரு ஒட்டுவேலை. விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்கு முன் அவன்தான் தேவாலய முற்றத்தில் பனி தள்ளுவான். நாளை ஏழு மணிக்குப் போய் அவன் வண்டியில் ஏறி உட்காரப்போகிறேன். அங்கே இரண்டு பேரும் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் பேச முடியும். அவன் வண்டியை நிறுத்தலாம். இறங்கிப் போ என்று சொல்லலாம். இனி என்னோடு வாசிக்கவே மாட்டேன் என்றும் சொல்லலாம். அவனுக்கு உரிமை உண்டு.

நடுவில் வாய் மூடிப்போகும் எனக்கு. அதனால் முதல் வாக்கியத்தை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்: "ஆர்விட், மூணாவது பாட்டுல வாசிக்கிறது போன வருஷத்து நீ."