கழற்றியவரும் கழற்றச் சொன்னவரும்

மார்ச் 4
இன்றும் ஒரு நேர்காணல். "தமிழ் பி.ஏ.வா? டைப்பிங் தெரியுமா?" தெரியாது என்றேன். அவ்வளவுதான். வீட்டில் பாத்திரம் கழுவும்போது கண்ணாடி டம்ளர் கைதவறியது. "உடைஞ்சிருச்சும்மா" என்றேன். "அது பாவம், தானே குதிச்சு உடைஞ்சிருக்கும்" என்றாள் அம்மா. இருவரும் சிரித்தோம்.

மார்ச் 9
அம்மாவின் வலது கை. அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் துணியைத் தேய்க்கும் சூடான உருளைக்குள் போய்விட்டது. விரல்கள் இருக்கின்றன. மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

மார்ச் 10
எழுத வரவில்லை.

மார்ச் 15
சலவைக்கூட சூப்பர்வைசர் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு தாள். விசாரணைக்கு முன் அம்மா இடது கையாலாவது கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் வாங்கிப் படித்தேன். "தடுப்புக் கம்பி கழற்றப்பட்டிருந்தது. கவனக்குறைவால் கை உள்ளே சென்றது."

"பொதுவாத்தான் எழுதியிருக்கு. யாருக்கும் பாதகமில்ல" என்றார்.

அவர் போன பிறகு கேட்டேன், "யாரும்மா கழட்டினது?"

அம்மா சுவரைப் பார்த்தாள். "நான்தான்டி. கை உள்ள போகாம தடுக்கத்தான் அந்தக் கம்பி. அது இருந்தா துணி மெதுவாத்தான் போகும். கழட்டிட்டு ஓட்டுன்னு அவர்தான் சொன்னாரு. ஸ்பேனரும் அவரே எடுத்துக் குடுத்தாரு. ஆனா கழட்டினது நான். வெளிய தெரிஞ்சா என்னைத்தான் வேலைய விட்டு அனுப்புவாங்க. பேசாம கையெழுத்துப் போட்டுர்றேன்."

போடாதே என்றேன். ஏன் என்று கேட்டாள். சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 16
இப்போது தெரிகிறது.

மூன்று வருடக் கல்லூரியில் நான் வகுப்பில் வாய் திறந்தது ஒரே ஒரு முறை. 'அமைச்சர் பாலம் கட்டினார்' என்று எழுதி, இதில் கருத்தா யார் என்று கேட்டார் இலக்கணப் பேராசிரியை. எல்லோரும் அமைச்சர் என்றார்கள். நான் என்னையறியாமல் "கொத்தனார்" என்றுவிட்டேன். அப்பா இருந்தவரை கொத்தனார். எனக்கு வேறென்ன தோன்றும்? வகுப்பே சிரித்தது. பேராசிரியை சிரிக்கவில்லை. "அவரும்தான்" என்று சொல்லி, பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினார்: இயற்றுதல் கருத்தா, ஏவுதல் கருத்தா. செய்தவர், செய்யச் சொன்னவர். வெட்கத்தில் தலை குனிந்தே குறிப்பெடுத்தேன். பரீட்சையில் அது வரவேயில்லை.

சூப்பர்வைசர் கொண்டுவந்த தாளில் இந்த இரண்டு பேருமே இல்லை. மிச்சம் இருப்பது அம்மாவின் கவனக்குறைவு மட்டும்.

மார்ச் 17
அம்மாவோடு விசாரணைக்குப் போனேன். வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். அம்மா இன்னும் கையெழுத்துப் போடாத அந்தத் தாளை அவர் படித்து முடித்ததும் எழுந்தேன். "கழற்றப்பட்டிருந்ததுன்னு போட்டிருக்கு. யாரு கழட்டினாங்க, யாரு கழட்டச் சொன்னாங்க, ரெண்டுமே இதுல இல்லைங்க சார்."

"படிச்ச பொண்ணு. இலக்கணம் பேசுது" என்றார் சூப்பர்வைசர்.

அதிகாரியும் லேசாகச் சிரித்தார். பிறகு தாளை ஓரமாக வைத்துவிட்டு, "நீங்களே சொல்லுங்கம்மா" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். சும்மா இருந்தவளை நான் இழுத்து விட்டுட்டேனே, இப்ப வேலையும் போகப்போகுதே— அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

"கழட்டினது நான். கழட்டச் சொன்னது இவரு." கட்டுப்போட்ட கையாலேயே காட்டினாள்.

ஏப்ரல் 6
எல்லா உருளைகளுக்கும் கம்பி மாட்டிவிட்டார்கள். சூப்பர்வைசரை மாற்றிவிட்டார்கள். அம்மாவை அனுப்பவில்லை. இனி உருளைப் பக்கம் வேண்டாம், துணி பிரிக்கும் இடத்தில் நில்லுங்கள் என்றார்களாம்.

நான் டைப்பிங் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன்.

ஏப்ரல் 21
அடுக்களையில் சத்தம். ஓடிப் போனேன். அம்மா வலது கையால் கண்ணாடி டம்ளரைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். சில்லுகளுக்கு நடுவில் நின்று, மடங்காத விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உடைஞ்சிருச்சு, விடும்மா" என்றேன்.

"உடைஞ்சிருச்சா? யாரும் உடைக்கலையா?"

"ஆமா. தானே குதிச்சிருச்சு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, சில்லுகளைத் தாண்டி வந்தாள்.