கையால் எழுதிக்கொள்ளலாம்

இயேசு மரி சூசை துணை

மந்தைவெளி,
சென்னை - 28.
14.3.1999

அன்பு மகள் ரெனிட்டாவுக்கு,

நான் எழுதிய இருநூற்று நாற்பது பைபிள் கேள்விகளையும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய், கம்ப்யூட்டரில் அடித்து, இன்டர்நெட்டில் போட்டு, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் கொடுத்துவிட்டாய். போதாததற்கு ஒவ்வொன்றின் கீழேயும் விடை வேறு எழுதிவிட்டாய். இது தவறு. இதை எழுதிவிட்டுத்தான் சுகம் விசாரிப்பது என்று இருந்தேன். ஆண்டவர் புண்ணியத்தில் நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன், இடது முழங்கால்தான் கோயில் படி ஏறும்போது பேச்சுக் கேட்பதில்லை. ஹூஸ்டனில் நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நன்றாக இருந்தாலும் தவறு தவறுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் இதைச் சொல்ல வாயெடுத்தேன். நீ உடனே, “அம்மா, பைபிளுக்குப் போய் யாராவது காப்பிரைட் கேப்பாங்களா? சுவிட்சர்லாந்துல ஒருத்தர் படிச்சிட்டு அழுதேன்னு மெயில் போட்டிருக்காரு, நீ சந்தோஷப்படணும்மா” என்றாய். அதற்குள் லைன் போய்விட்டது. லைன் போனதா நீ வைத்தாயா என்று நான் கேட்கப் போவதில்லை. பைபிள் என்னுடையது இல்லைதான், ஆண்டவர் சொன்னது எல்லோருக்கும் பொது. அதைப் படித்துவிட்டு நான் கேட்டது என்னுடையது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், பள்ளிக்கூட லேபில் ஆயாவாக இருபத்தெட்டு வருஷம் குடுவை கழுவினேன், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓர் அதிகாரம் என்று படித்தேன், யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பள்ளிக்கூடத்துச் சிஸ்டர்களிடம் வெளிநாட்டிலிருந்து வந்த பைபிள் கேள்விப் புத்தகங்கள் இருந்தன. இதை யார் யாரிடம் சொன்னார் என்கிற மாதிரிக் கேள்விகள், கடைசிப் பக்கத்தில் விடை. விடை கடைசிப் பக்கத்தில் இருந்தால் நாலு பேர் எதற்குக் கூடி உட்கார வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். அதனால்தான் என் நோட்டில் கேள்வி மட்டும். அடையாறில் ஒரு ஜெபக் கூட்டத்தார் இரண்டு வருஷத்துக்கு முன் அதை ஜெராக்ஸ் எடுத்து விநியோகம் செய்தபோது நான் சும்மா இருந்தேனா? நம் கோயில் ஆம்ப்ரோஸ் அண்ணனை வைத்து ஃபாரம் நிரப்பி, டெல்லிக்கு ரிஜிஸ்டர் தபால் போட்டு, பதினாலு மாதம் காத்திருந்து என் பெயரில் உரிமைச் சான்றிதழ் வாங்கினேன். திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதே, கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் ஆப்பம் சாப்பிட்டாய். ஒவ்வொரு நோட்டிலும் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன், ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது, கையால் எழுதிக்கொள்ளலாம் என்று. தி.நகரில் சேலை எடுக்கப் போகிறேன் என்று பெரிய பையோடு போனவள் நாலு மணி நேரம் கழித்து ஒரே ஒரு சேலையோடு வந்தாயே, அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நீ உட்கார்ந்திருந்தது லஸ்ஸில் ஆம்ப்ரோஸ் அண்ணன் மகன் ஜாஸ்பருடைய டி.டி.பி., ஜெராக்ஸ் கடையில்.

கையால்தான் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உனக்குத் தெரியாது. நீ அமெரிக்கா போகும்போது நம் பங்குக் கோயிலில் அன்பியம் என்ற பேச்சே கிடையாது. இப்போது குடும்பங்களைத் தெருவாரியாகப் பிரித்து ஒன்பது அன்பியங்கள், புதன்கிழமை சாயந்திரம் ஒவ்வொன்றும் ஒரு வீட்டில் ஜெபத்துக்குக் கூடுகிறது. அதற்கு முந்தின சனிக்கிழமை நாலு மணிக்கு, அன்பியத்துக்கு ஒருவராக ஒன்பது பேர் நோட்டும் பேனாவுமாக நம் கூடத்துக்கு வருவார்கள். அந்த வாரக் கேள்வியை நான் வாசிப்பேன், அவர்கள் எழுதுவார்கள். எழுதும்போது சிலருக்குப் பாதி வாக்கியத்தில் கை நின்றுவிடும். நின்றவர்களை நான் அவசரப்படுத்த மாட்டேன். அவர்கள் வீட்டில் புதன்கிழமை பேச்சு நன்றாக இருக்கும். அப்புறம் காப்பி, மீன் கட்லெட், ஊர்க்கதை, ஏழு மணிக்குத்தான் கலைவார்கள். இன்னொரு காரணமும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். ஜெராக்ஸ் என்றால் கதவோரம் நின்று வாங்கிக்கொண்டு போய்விடலாம். கையால் எழுத வேண்டுமென்றால் உள்ளே வந்து உட்கார வேண்டும். உன் அப்பா போய், மறு வருஷம் நீயும் போன பிறகு இந்த வீட்டில் ஆள் உட்கார்ந்தது அப்படித்தான். நீ சிரித்தால் சிரித்துக்கொள்.

பிப்ரவரி மூன்றாவது சனிக்கிழமை ஒன்பது டம்ளர் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நாலரை ஆயிற்று, ஐந்து ஆயிற்று, ஒருவரும் வரவில்லை. யாரோ செத்துவிட்டார்கள், எனக்குச் சொல்லவில்லை என்றுதான் நினைத்தேன். மறுநாள் பூசை முடிந்து ஆம்ப்ரோஸ் அண்ணன் சிரித்த முகமாக வந்து, “இன்னா ஆனிம்மா, நம்ம ரெனிப் பொண்ணு மொத்தத்தையும் கம்ப்யூட்டர்ல அனுப்சிட்சி, நம்ம ஜாஸ்பரு புக்கா போட்டுட்டான், அன்பியத்துக்கு ஒண்ணு. ஒண்ணாம் நம்பர்லேர்ந்து திருப்பி ஆரம்பிச்சா அஞ்சி வருசத்துக்குக் கவலையே இல்ல. இனிமே இன்னாத்துக்கு உங்களுக்கு சிரமம், காலை நீட்டிக்கினு ரெஸ்ட் எடுங்க” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அந்த மனிதருக்குச் சூது தெரியாது. புத்தகத்தை என் கையில் கொடுத்தார். முதல் பக்கத்தில் தொகுப்பு ரெனிட்டா, ஹூஸ்டன் என்று இருக்கிறது. அடுத்த பக்கத்தில், என் அன்பு அம்மா ஆனிக்குச் சமர்ப்பணம் என்று இருக்கிறது. என் பொருளை எடுத்து எனக்கே சமர்ப்பணம் செய்திருக்கிறாய். எழுதியது யார் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

அந்தப் புதன்கிழமை கூட்டம் ஆம்ப்ரோஸ் அண்ணன் வீட்டில். கானா ஊர்க் கல்யாணம், என் முதல் கேள்வி. விருந்தில் திராட்சை ரசம் தீர்ந்துபோனதை முதலில் கவனித்தவர் இயேசுவின் தாய். உங்கள் வீட்டில் ஒன்று தீர்ந்துபோனால் முதலில் கவனிப்பது யார், அவர் அதை யாரிடம் சொல்கிறார்? இதே கேள்வியை ஐந்து வருஷத்துக்கு முன் அதே வீட்டில் கேட்டபோது அவர் மனைவி வாதம் வந்து படுக்கையில் இருந்தார். ஆம்ப்ரோஸ் அண்ணன் எழுந்தார். சமையல்கட்டுக்குப் போய் அரிசி டின்னைத் திறக்கிற சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்டது. திரும்பி வந்து, “ஒரு மாசமா மருமவ பக்கத்து ஊட்லேர்ந்து வாங்கிக்கினு கீது, எனக்குத் தெரியவே தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். இந்த முறை அவரே புத்தகத்தைப் பார்த்துக் கேள்வியை வாசித்தார், கீழே நீ எழுதியிருந்ததையும் வாசித்தார். விடை: தாய்மார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பரலோக மந்திரம், ஒரு பாட்டு, அவ்வளவுதான். கடிகாரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டு நிமிஷம். சீரியலுக்கு நேரத்தோடு போய்விட்டார்கள். அந்த மருமகளும் அங்கேதான் இருந்தாள், என்னைப் பார்த்தாள்.

நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் தேவானை முதல் இரண்டு சனிக்கிழமை நான் மீன் வேண்டாம் என்றதும் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நேற்றும் வேண்டாம் என்றேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, “இன்னாமா, மூணு சனிக்கெழமையா வாணாம் வாணான்றே, ஊட்டுக்கு யாரும் வர்றது இல்லியா, சண்ட கிண்ட போட்டுக்கினியா?” என்று கேட்டாள். என் பெண் என் கேள்விகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்றேன். “கேள்வியவா? ஊட்ல நக நட்டு ஒண்ணும் இல்லியா, கேள்வியப் போயி தூக்கிக்கினு போச்சா உம் பொண்ணு?” என்று அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மாதத்தில் நான் சிரித்தது அது ஒரு தடவைதான். போகும்போது நாலு சங்கரா மீனைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு ஒன்றே அதிகம். ஆதம்பாக்கம் சித்திக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்து, “உன் வீட்டுக்கு இப்ப யார்க்கா வர்றாங்க, காலி பண்ணிட்டு என்கூட வந்துடு” என்கிறாள். எத்தனையோ வருஷமாகக் கேட்கிறாள், சனிக்கிழமை ஆட்கள் வருவார்கள் என்று ஒரே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த முறை காப்பி போட உள்ளே எழுந்து போய்விட்டேன். தண்ணீர் லாரி நம் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது. நீ ஈரத் தலையோடு ஏசி ஆபீசுக்குள் போகாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதுவலி. மாப்பிள்ளைக்குக் காரம் குறைத்துப் போடு.

புத்தகம் முழுவதையும் மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். எழுத்துப் பிழை பதினேழு, ஓரத்தில் குறித்திருக்கிறேன். இருநூற்று முப்பத்தொன்பது கேள்விகளுக்கு விடை எழுதியிருக்கிறாய். நூற்று அறுபத்து மூன்றாவதற்கு எழுதவில்லை. மூன்று வரி இடம் விட்டிருக்கிறாய். அச்சில் விட்டுப்போனது என்று ஜாஸ்பர் சொன்னான். ரெனி, நான் உன்னைப் பெற்றவள், அது விட்டுப்போனது இல்லை. மருமகள் ரூத்து மாமியார் நகோமியோடு போனாள் என்று எல்லோரும் புகழ்கிறோம். இன்னொரு மருமகள் ஓர்பா, நகோமியை முத்தமிட்டு அழுதுவிட்டுத் தன் வழியே போனாள். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேருக்கும் நடுவில் செய்தி போயிருக்குமா, யார் முதலில் கேட்டிருக்க வேண்டும்? நீ கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போன் போதும் என்று ஆக்கிய வருஷம் நான் எழுதிய கேள்வி அது. ஓர்பா கெட்டவள் என்று நான் எங்கேயும் எழுதவில்லை, பைபிளும் சொல்லவில்லை. சனிக்கிழமை அதை வாசித்தபோது ஒன்பது பேரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன், இதில் ஒன்றையும் குறைத்துக்கொள்ள மாட்டேன். ஈஸ்டருக்குள் இன்டர்நெட்டில் இருப்பதையெல்லாம் நீ எடுத்துவிட வேண்டும், கேள்வி, விடை, சமர்ப்பணம் மூன்றையும். எடுத்தாயா என்று பார்க்க எனக்குத் தெரியாது, அதனால் பொய் சொல்லாதே. அந்தச் சுவிட்சர்லாந்துக்காரருக்கு என் விலாசத்தைக் கொடு. அழுதவர் என்கிறாய், எனக்குக் கடிதம் போடட்டும், வாரம் ஒன்று என்று என் கையெழுத்தில் அனுப்புகிறேன். ஜாஸ்பர் ஒன்பது புத்தகங்களையும் திரும்ப வாங்கி என்னிடம் ஒப்படைக்க வேண்டும், அவன் கடைக் கம்ப்யூட்டரிலிருந்தும் அழிக்க வேண்டும், அவனிடம் நேற்றே சொல்லிவிட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், வைத்துக்கொள்ளட்டும். அடுத்த ஞாயிறு பூசையில் ஃபாதர் அறிவிக்க வேண்டும், கேள்வி பழையபடி சனிக்கிழமை நாலு மணிக்கு ஆனி வீட்டில் என்று. சீட்டு எழுதி, ஃபாதரிடம் சேர்க்கச் சொல்லிக் கோயில் பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன். ஆம்ப்ரோஸ் அண்ணன் யாரும் வராவிட்டாலும் தான் மட்டுமாவது நோட்டோடு வர வேண்டும். தேவானை சனிக்கிழமை இரண்டு கிலோ கொண்டுவர வேண்டும், அவளிடமும் சொல்லியாயிற்று. ஒன்பது டம்ளரை எடுத்து வைப்பது என் வேலை. இருநூற்று நாற்பத்தொன்றாவது கேள்வி தயாராக இருக்கிறது, அதை உனக்குச் சொல்ல மாட்டேன், இன்டர்நெட்டில் ஏற்றிவிடுவாய்.

கடைசியாக உனக்கு ஒன்று. என் கேள்வி எதற்கும் யாரும் விடை எழுதக் கூடாது என்பது என் சட்டம். நூற்று அறுபத்து மூன்றுக்கு மட்டும், உனக்கு மட்டும் அதைத் தளர்த்துகிறேன். நீ விட்ட அந்த மூன்று வரியை நிரப்பி எனக்கு அனுப்பு. கம்ப்யூட்டரில் அடிக்காதே, போனில் சொல்லாதே. உன் கையால் எழுது. எழுதும்போது கை நின்றால் நிற்கட்டும், அவசரமில்லை, எத்தனை நாள் ஆனாலும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாதா தன் முந்தானையில் உன்னையும் மாப்பிள்ளையையும் பொதிந்து காக்கட்டும். உன் நெற்றியில் சிலுவை போட்டு விடை கொடுத்த அதே கையால் இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ஒருசந்தி விரதத்தை மறக்காதே.

உன் அம்மா,
ஆனி

இந்தக் கடிதத்தையும் ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது.