ஆடிக்கு முன்னால் காய்ச்சிய பால்

அம்பாங்கான்,
ஆகஸ்டு 2, வெள்ளி

அன்புள்ள ரோகினி அப்பாவுக்கு,

திலகா எழுதுகிறேன். கடல் தாண்டி பிந்துலுவில் நலம்தானே? முதுகுவலி குறைந்ததா? எனக்கும் மகளுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. போனில் பேசினால் பாதியிலேயே கத்திவிடுவேன், அழுதும்விடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். கூடவே ஒரு மனுவும் இருக்கிறது, பத்திரம்.

மாற்று வீட்டுப் பட்டியலில் நம் பெயர் இல்லை. நம் வரிசையில் நாற்பத்தொரு குடும்பத்துக்கு நம்பர் வந்திருக்கிறது. நமக்கு மட்டும் இல்லை.

வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்த லயத்து வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டப்போகும் கம்பெனி, வாடகைக்கு இருப்பவர்களுக்கும் புது மாடியில் குறைந்த வாடகையில் வீடு தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறது அல்லவா. கணக்கெடுக்க வரும் நாளில் யார் குடியிருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அந்த உரிமை. அது முடியும்வரை ஒரு கரண்டியைக்கூட வெளியே கொண்டுபோகாதே என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை.

ஆகஸ்டு பாதிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். முழுக்க ஆடி மாதம். ஆடியில் யாராவது குடி போவார்களா என்று உங்கள் அக்கா தனலெட்சுமி கேட்டார். மாடி கட்டி முடியும்வரை நாம் தங்கப்போவது செனாவாங்கில் அக்கா வீட்டுப் பின்னறையில்தானே. ஆனி முடிவதற்குள் சாமி படம், விளக்கு, உப்பு, அரிசி எல்லாம் அங்கே கொண்டுபோய்ப் பால் காய்ச்சிவிட்டேன். சடங்கை முன்னால் முடித்துவிட்டால் சாமான்களை எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே மோட்டார் சைக்கிளில் திரும்பிவிட்டோம். இங்கேதான் சமைத்தோம், இங்கேதான் படுத்தோம். இன்றுவரை அப்படித்தான்.

அதோடாவது விட்டிருக்கலாம். பால் பொங்கியதைப் படம் பிடித்து, ‘புது வீடு, புது வாழ்க்கை’ என்று எழுதி நம் குடியிருப்பு வாட்ஸாப்பில் போட்டேன். கம்பெனி ஆளும் அந்தக் குழுவில் இருக்கிறான் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

கணக்கெடுக்க வந்த அன்று எனக்குப் பேக்டரியில் காலை ஷிப்டு, ரோகினி பள்ளியில். சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்கள். சாமி மேடை காலி. கட்டி வைத்த பெட்டிகள். சாயங்காலம் வந்துவிடுவாள் என்று பக்கத்து வீட்டு நீலாவதி சொல்லியும் எழுதிக்கொள்ளவில்லையாம்.

நேற்று கம்பெனி ஆபீசுக்குப் பட்டியல் பார்க்கப் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் என் பெயரைக் கேட்டதும், புது வீட்டுக்கு வாழ்த்துகள் என்று சிரித்தாள். நமக்கும் நம்பர் விழுந்துவிட்டது என்று நினைத்து நானும் பல்லைக் காட்டிக்கொண்டு தெரிமா காசி என்று நன்றி சொன்னேன். அப்புறம்தான் கோப்பைத் திருப்பிக் காட்டினாள். நான் போட்ட அதே படம்! அதன் கீழே, முன்பே வெளியேறிய குடும்பம் என்று முத்திரை குத்தியிருந்தது. அவள்தான் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

பால் காய்ச்சினால் குடி போனதாக ஆகிவிடாது என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. நீலாவதி, ஆடியாவது ஆவணியாவது என்று ஒன்றும் செய்யாமல் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மூன்றாம் மாடியில் வீடு கிடைத்துவிட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ரோகினி மேல்முறையீட்டு மனு எழுதிவிட்டாள். கரண்டு பில்லும் தண்ணீர் பில்லும் சேர்த்திருக்கிறோம். வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருப்பதால் உங்கள் கையெழுத்து வேண்டும். பதினான்காம் தேதி விசாரணை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் எங்கே என்று அந்தப் பெண் கேட்டாள். சரவாக்கில், பிந்துலுவில் வேலை என்றேன். கடைசியாக எப்போது வந்தார் என்றாள். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அதை எழுதவில்லை.

கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும் என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். போதாதுங்க. விசாரணையில் என் பக்கத்தில் நின்று, இது எங்கள் வீடு, நாங்கள் மூன்று பேரும் இங்கேதான் குடியிருக்கிறோம் என்று நீங்கள் சொல்ல வேண்டும். அவர்கள் நம்புகிறார்களோ இல்லையோ, நான் நம்ப வேண்டும். வேலை போனாலும் பார்த்துக்கொள்ளலாம். வாருங்கள்.

காளியம்மன் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
திலகா