மாட்டுக்கொட்டகைக் கூரையில் இருந்த எண்

தொரெதாம்
1999 மார்ச் 14, ஞாயிறு

அன்பு மகள் மராலுக்கு அப்பா செய்த்கலி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மாடு மூன்று பேரும் சுகம், மூவரில் யார் அதிக சுகம் என்று கேட்டால் மாடு என்றுதான் சொல்வேன். நீயும் அந்த ஹூஸ்டனில் இருமல் சளி ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், அப்படி இல்லையென்றால் முதலில் அதை எழுது, மற்றதெல்லாம் அப்புறம். பனி இன்னும் முழுக்க உருகவில்லை, தெரு முழுக்கச் சேறு. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, நீ அனுப்பிய களிம்பை என் முதுகுக்கும் கொஞ்சம் திருடித் தடவிக்கொண்டேன், அவளிடம் சொல்லாதே. நீ அனுப்பிய அருங்காட்சியக ஆள் வாரன் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டுப் போனார். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும், ஐந்து நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன். மகளே, உன் பேரை நான் கெடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். கெடுத்தேனா காப்பாற்றினேனா என்பதே எனக்குத் தெளிவாக இல்லை, அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீயே பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்தே எனக்குத் தலை சுற்றல்தான். அங்கே ஒரு விருந்தில் உன் வாய் சும்மா இராமல், எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைக் கூரை சந்திரனுக்குப் போக வேண்டிய ராக்கெட்டின் துண்டு என்று சொல்லிவிட்டாய், பாதிப் பேர் சிரித்தார்கள், வாரன் மட்டும் சிரிக்கவில்லை, மே மாதம் அவர்கள் குழு கூடுகிறது, அதற்குள் அது உண்மை என்று காட்ட வேண்டும், இல்லையென்றால் ரஷ்யர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கிற உன் வாயை இனி யார் நம்புவார்கள் என்று எழுதியிருந்தாய். சரிதான். ஆனால் அது ராக்கெட் என்று உனக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. அறுபத்தெட்டில் பற்றவைக்கும் வெல்டர் வேலைக்குச் சேர்ந்த அன்றே, பார்த்ததையும் செய்ததையும் சாகும்வரை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். எங்களுக்கு அதன் பெயர் 'பொருள்' மட்டும்தான். பொருளைப் பற்றவை, பொருளைத் திருப்பு, பொருள் மேல் சாயாதே. ரயிலில் ஏற்ற முடியாத அளவுக்குப் பெரிய உருண்டை எரிபொருள் தொட்டிகள், அதனால் இங்கேயே கொண்டுவந்து துண்டு துண்டாகப் பற்றவைத்தோம். உன் அம்மாவிடம் பால் கேன் செய்கிற தொழிற்சாலை என்று சொல்லியிருந்தேன்.

அப்புறம் அமெரிக்கர்கள் சந்திரனில் போய் நின்றுவிட்டார்கள். நம்முடையது நாலு தடவை கிளம்பி நாலு தடவையும் வெடித்தது. கடைசியில் மேலேயிருந்து உத்தரவு, எல்லாவற்றையும் வெட்டிப் போடு என்று. நான் பற்றவைத்த தையலிலேயே என் கையால் வெட்டுச் சக்கரம் வைத்து வெட்டினேன் மகளே, என் தையல் நல்ல தையல், வெட்டவே வரவில்லை. பத்திரிகையில் என்ன போட்டார்கள் என்றால், சந்திரனுக்கு ஆள் அனுப்ப நாம் நினைக்கவே இல்லை, பந்தயமே கிடையாது என்று. நடக்காத பந்தயத்தில் தோற்றுவிட்டு, யாரிடம் சொல்லி அழுவது என்று தெரியாமல் மூன்று நாள் குடித்தவன் உன் அப்பா. வெட்டிய துண்டுகளை ஆளாளுக்கு எடுத்துப் போனார்கள், பன்றிக்கூடு, மழைக்கு ஒதுங்கும் குடை, குழந்தைகள் விளையாட மணல் தொட்டி. நான் தொட்டியின் கிண்ணம் போன்ற ஒரு துண்டைக் கொண்டுவந்து கவிழ்த்தேன். இருபத்துநாலு வருஷமாக ஒரு சொட்டு ஒழுகவில்லை.

வாரனை வரவிடலாமா என்று கேட்க முதலில் நகரத்தில், ராக்கெட் தளத்தை இன்னும் வைத்திருக்கும் ரஷ்யர்களின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண், உங்க வீடு எங்க வேலிக்கு வெளிய இருக்கு, அது கஜக் மண்ணு, அவங்களைக் கேளுங்க என்றாள். மாவட்ட அலுவலகத்தில் நம்ம கஜக் பையன் ஒருவன்தான் இருந்தான், மண்ணு நம்மது தாத்தா, ஆனா கூரை மாஸ்கோவோடதாச்சே, நான் எப்படிச் சொல்றது என்றான். திரும்பி வரும் வழியில் பழைய சகா வென்யாமினிடம் கேட்டேன். அவன் சிரித்த சிரிப்பில் பல் செட்டே கழன்றது. "யோவ் செய்த்கலி, நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்த நாடே இப்ப இல்ல, இன்னும் யாருகிட்டய்யா உத்தரவு கேக்குற" என்றான். நாடு போனால் கையெழுத்தும் போய்விடுமா என்று கேட்டேன். அவன் பல் செட்டை எடுத்து வாயில் மாட்டினான். சிரிப்பை நிறுத்திவிட்டான்.

இனி நான் செய்த காரியம். கிண்ணத்தின் உள்விளிம்பில் ஆலையில் அடித்த எண் ஒன்று இருந்தது, பொருளின் எண். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் வெளிநாட்டு ஆள் வருகிறாரே, கொட்டகையைச் சுத்தம் செய்வோம் என்று போனேன். சாணியை அள்ளினேன், சுவரைத் துடைத்தேன், அப்புறம் பார்த்தால் கையில் அரவைச் சக்கரம், எண் இருந்த இடம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. நான் யோசித்துச் செய்யவில்லை. எழுபத்தைந்தில் அவர்களும் நாமும் விண்வெளியில் போய்க் கைகுலுக்கிய வருஷம், அமெரிக்கர்கள் இங்கே வருவதற்கு முன்னால் ஒரு வாரம் எங்களுக்கு அதே வேலைதான், எங்கெல்லாம் எண் இருக்கிறதோ அங்கெல்லாம் மறை, தேய், பூசு. கழிப்பறைக் கதவில் இருந்த மூன்றாம் நம்பரைக்கூடத் தேய்த்தோம். அமெரிக்கன் வருகிறான் என்றால் எண்ணை அழிக்க வேண்டும் என்று கைக்கு மனப்பாடம், தலைக்குச் சொல்லாமலே செய்துவிட்டது.

வாரன் வந்தார். நல்ல மனிதர், புதுச் சட்டையோடு சாணித் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். விளக்கை அடித்து அடித்து விளிம்பெல்லாம் தேடினார். தேய்த்த இடத்தில் விரலை வைத்தார், மகளே, அப்போது என் உயிர் என்னிடம் இல்லை. கூட வந்த மொழிபெயர்ப்பாளன், இங்க நம்பர் ஒண்ணு இருந்துச்சாங்கய்யா என்று கேட்டான். எந்த நம்பர் என்று கேட்டேன் நான். ஐம்பத்திரண்டு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் பொய். உள்ளே போய் தேநீரும் சுடச்சுட எண்ணெயில் பொரித்த பவுர்சாக்கும் வைத்தோம், உன் அம்மா கறி வைத்தாள், மனிதர் இரண்டு தட்டு சாப்பிட்டார், நிறைய சாப்பிடுகிறவனைக் கெட்டவன் என்று எனக்கு நினைக்க வரவில்லை. அவருடைய அப்பாவும் அந்தக் காலத்தில் அவர்கள் ராக்கெட்டில் பற்றவைப்பு வேலையாம், ரஷ்யாக்காரன் முந்திட்டான், ரஷ்யாக்காரன் முந்திட்டான் என்று சொல்லியே ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்கினார்களாம். எங்களுக்கு அமெரிக்காக்காரன் முந்திட்டான் என்று சொல்லித்தான் ஞாயிற்றுக்கிழமை போனது. அப்படியானால் முன்னால் ஓடியது யார் என்று கேட்டேன். அவரும் யோசித்துப் பார்த்துவிட்டு இன்னொரு பவுர்சாக் எடுத்துக்கொண்டார்.

போகும்போதுதான் குண்டைப் போட்டார். அந்த ஆலையில் அடித்த எண்களின் பட்டியல் மாஸ்கோவிலிருந்தே அவர்களுக்கு வந்துவிட்டதாம். உங்க துண்டோட நம்பர் யாருக்காச்சும் ஞாபகம் இருந்தா எழுதி அனுப்புங்க, பட்டியல்ல இருந்தா போதும், உங்க மகள் சொன்னது நிஜம்னு ஆயிடும் என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும் பார். யாருக்குத் தெரியக்கூடாது என்று தேய்த்தேனோ அவர்கள் பெட்டியில் அது முன்னமே இருக்கிறது. இப்போது அது தெரியாதவர்கள் நீயும் உன் அம்மாவும் மட்டும்தான். அன்று தொடங்கி தினம் இந்தக் காகிதத்தை எடுத்து வைக்கிறேன். எண் எனக்கு என் பிறந்த தேதியைவிட நன்றாகத் தெரியும். முதல் எழுத்தைப் போடப் போனால் கை நிற்கிறது. எந்த நாட்டுக்குக் கொடுத்த வாக்கு, அந்த நாட்டை யார் வைத்திருக்கிறார்கள், அவர்களே இப்போது அமெரிக்கர்களோடு சேர்ந்து மேலே ஒரு வீடு கட்டுகிறார்கள், அந்த வீட்டுக்குப் பேச்சு மாற்றிச் சொல்வது என் மகள். இதில் நான் யாருக்குத் துரோகி? எழுதினால் அவர்களுக்கு, எழுதாவிட்டால் உனக்கு. இது அதிகம் படித்தவர்கள் யோசிக்க வேண்டியது, எட்டாம் வகுப்புக்காரனிடம் வந்து மாட்டியிருக்கிறது.

இன்று காலை இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், ராக்கெட் உள்பட, முப்பத்தொரு வருஷத்துக்கு அப்புறம். அவள் வாளியைக் கீழே வைக்கக்கூட இல்லை. "பால் கேன் செய்யுற மனுஷன், இத்தனை வருஷத்துல வீட்டுக்கு ஒரு கேன் கொண்டு வந்தீங்களா? எனக்குத் தெரியாதா? அவளுக்குச் சொன்னதே நான்தானே" என்றாள். பிறகு அவள், "தெனம் ரெண்டு வேளை அதுக்கு அடியில உக்காந்து பால் கறக்குறேன், அந்த நம்பர் என் மூக்குக்கு நேரா இருந்துச்சு. நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க. நான் எங்கயும் போடலையே" என்றாள். மகளே, எட்டு மாதமாகச் சொந்தத் தங்கைக்கு ஒரு வரி எழுதாதவள், மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இந்தத் தாளுக்காகக் காத்திருக்கிறாள்.

இது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. யாராவது கேட்டால் இந்தக் கடிதத்தில் நான் எழுதிய பக்கத்தில் எந்த எண்ணும் இல்லை. கூரையைக் கொடுப்பதாக இருந்தால் ஒரு நிபந்தனை, முதலில் அவர்கள் வேறு கூரை போட்டுவிட்டு இதைக் கழற்றட்டும், மாடு நனையக்கூடாது. குளிர்காற்றுப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, ஒல்லியாகத் தெரிகிறாய் என்று புகைப்படத்தைப் பார்த்து அம்மா முணுமுணுக்கிறாள். வாரன் எங்கள் இருவரையும் எடுத்த படத்தில் நான் கண்ணை மூடியிருந்தால் அதை அனுப்ப வேண்டாம் என்று சொல். உன் வழி எங்கும் திறந்தே இருக்கட்டும், உன் முகம் யார் முன்னாலும் வாடாமல் இருக்கட்டும், ஆண்டவன் உன் கூடவே நடக்கட்டும் என் ஒட்டகக்குட்டியே.

தாளைத் திருப்பி அம்மாவிடம் கொடுக்கிறேன். அவள் எழுதி முடித்து உறையை ஒட்டும்வரை நான் வெளியே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பேன்.

உன் அப்பா,
செய்த்கலி