கார் சின்னத்துக்கு அடியில் வண்டல்

நவம்பர் 8, சனி

நாளை ஆராதனைக்குப் புதுக் காரில் போகிறோம். எங்களுக்குத்தான் புதிது. டிக்கியில் பழைய சொந்தக்காரர் தன் பிள்ளைகள் பெயரில் ஒட்டியிருந்த 'ஜெனி, ஜோயல்' ஸ்டிக்கரை எடுத்துவிட்டு பைபிள் வசன ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று சாயங்காலம் உட்கார்ந்தேன். ஹேர் டிரையர் சூட்டில் உரிந்து வந்தது. மிச்சப் பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். பசை போனது, பெயர்கள் போகவில்லை. சுற்றிலும் பெயிண்ட் வெயிலில் வெளுத்துவிட்டதால் எழுத்து மட்டும் பளிச்சென்று நிற்கிறது.

பக்கத்தில் கம்பெனிச் சின்னம் ஓரம் தூக்கியிருந்தது. நூல் விட்டு அறுத்து எடுத்தேன். பின்னால் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி வண்டல். இரண்டு வருஷம் முன்னால் ஆற்று வெள்ளம் வடிந்தபின் ஸ்ரீவைகுண்டத்தில் அம்மாவின் பீரோவிலிருந்து வழித்துப் போட்ட அதே வண்டல்.

இவரிடம் விரலைக் காட்டினேன். "ஏங்க, இது ஆத்துத் தண்ணிக்குள்ள கெடந்த வண்டியா?"

"தொடச்சிட்டு வசனத்த ஒட்டு. பாப்பா பாத்துரப் போறா."

"அந்தப் பிள்ளைங்க இப்ப எங்க இருக்கு?"

"அத நான் புரோக்கர்ட்ட கேக்கல."

ஒட்டிவிட்டேன். வசனம் ஜோயலைத்தான் மூடியது. ஜெனி தெரிகிறாள். வெளியே மழை வலுக்கிறது. காலையில் பின் சீட்டில் எங்கள் பாப்பா உட்காருவாள்.